அறுபது படங்களும் ஒரு டம்ளர் காபியும்

என் மனைவியின் மூளையை நான் முதலில் பார்த்தது ஒரு கணினித் திரையில். நரம்பியல் டாக்டர் பேனாவின் பின்புறத்தால் திரையைத் தட்டி, "இடது பக்கம் பாருங்க சார், காதுக்கு மேல. சுருங்கியிருக்கு" என்றார். வலது பக்கம் மண்டையோட்டை நிறைத்துக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் ஒரு கறுப்பு இடைவெளி.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி எட்டிப் பார்த்து, "இது யாருது?" என்றாள்.

டாக்டர் என்னிடம் திரும்பி, "பேஷண்டுக்குத் தன் நிலைமை அவ்வளவா தெரியாது" என்றார். கேட்டவள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தாள். அவள் முகத்தை ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை. திரையில் இருந்ததை மட்டும் அத்தனை கோணத்திலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த ஆறு மாதம் நான் செய்ததை நினைத்தால் டாக்டர் எவ்வளவோ மேல்.

நாங்கள் இருவரும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். அவள் பெங்களூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் நான்கிலும் லைன் கொடுப்பாள். சண்டை போடும் அளவுக்கு உருதுவும் தெரியும். நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் பெர்சனல் பிரிவில் இருந்தேன். இலாகா தேர்வு நடத்துவது, காப்பியடித்தவனைப் பிடிப்பது, தப்பை ஒப்புக்கொள்வதாக அவனிடம் எழுதி வாங்குவது என் வேலை. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பினால் காரியம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அல்சூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் மனு எழுதிக் கொடுப்பவன்.

இரண்டு வருடமாக அவளுக்குப் பொருள்களின் பெயர் போய்க்கொண்டிருந்தது. நடந்தது எதையும் மறக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்த தேதி சொல்வாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு "இந்த இது, அதாங்க" என்பாள். பிறகு பெயரோடு, அந்தப் பொருள் எதற்கு என்பதும் சேர்ந்து போகத் தொடங்கியது. மறதி நோயில் இது ஒரு தினுசு, ஞாபகத்தில் தொடங்காமல் பேச்சில் தொடங்கும் என்றார் டாக்டர். அந்த ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், கூடவே அறுபது படங்களுக்குப் பெயர் சொல்லும் டெஸ்ட். ஆய்வில் இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் பேச்சுப் பயிற்சியில் இடம் உண்டு. மிச்சமிருக்கும் சொற்களை, இருக்கும்போதே பிடித்து வைக்கிற பயிற்சி. எனக்கு வேண்டியது அந்த சீட்.

முதல் டெஸ்டுக்கு நானும் உள்ளே போனேன். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், கன்னடக்காரர். வீட்டில் வேலை செய்தவர்களிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கற்ற தமிழ். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினார். சீப்பு, குடை, ஆமை, பூட்டு, ஏணி.

"இது என்னம்மா?"

"அது... வீட்ல இருக்கே. அதுதான்."

நான் இருமினேன்.

"சும்னிரி சார், சும்மா இருங்க. நீங்க சொல்லக்கூடாது."

"நான் எங்கம்மா சொன்னேன்?"

"பூட்டு வந்தா மட்டும் இருமல் வருதே சார், அது எப்படி?"

மனைவி சிரித்தாள். அறுபதில் பதினெட்டு சொன்னாள். நாலு மொழியில் ஊரையே பேசவைத்தவள், பூட்டு என்று சொல்ல முடியாமல் ஓர் அந்நியர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு இல்லை, எனக்கு. சம்மதப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: பயிற்சியில் இடம், இரண்டாவது டெஸ்ட் முடிவைப் பொறுத்தே உறுதி செய்யப்படும். வாழ்நாள் முழுக்க விதிகளைப் படித்தவன் அந்த வரியை ஒரே விதமாகத்தான் படித்தேன். சீட் என்றால் மார்க் வாங்கியவருக்கு. இந்த ஊரில் எல்.கே.ஜி.யிலிருந்து அப்படித்தானே.

முழங்காலில் நோட்டை வைத்து அறுபது படங்களையும் வரிசை மாறாமல் குறித்துக்கொண்டு வந்தேன். இணையத்தில் அதே மாதிரிப் படங்கள் தேடி, ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து லேமினேட் செய்தேன். காலை ஆறு மணிக்கு அவள் எதிரில் உட்காருவேன். இடது கையில் அட்டை, வலது கையில் காபி டம்ளர்.

"சொல்லு, தர்றேன்."

முதல் வாரம் ஒரு நாள் அவள் அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "நான் என்ன நாயா?" என்றாள். அந்தச் சொல் மட்டும் தடையில்லாமல் வந்தது. நான் டம்ளரை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன். காபி ஆறி ஆடை படியும் வரை வைத்திருந்த நாள்களும் உண்டு. மூன்றாவது மாதத்தில் கேள்வியே தேவைப்படவில்லை. வரிசையாக ஒப்பித்துவிட்டுக் கையை நீட்டுவாள். நான் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது தடவை ஸ்கேன் இரண்டு விதமாக எடுத்தார்கள். காந்தக் குழாய்க்குள் போகுமுன் தாலிச்செயினைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்து, மஞ்சள் கயிறு முடிந்து பையில் வைத்திருந்தேன். நர்ஸ், "எல்லாம் தெரிஞ்சு வந்திருக்கீங்களே சார்" என்றாள். மறுநாள் மற்றது. வெறும் வயிற்றில் கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, மூளையில் எந்த இடம் அதைத் தின்கிறது, எந்த இடம் தின்னாமல் கிடக்கிறது என்று பார்ப்பது. மருந்து ஊறும் வரை பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேச்சு போய்க்கொண்டிருப்பவளிடம், "அம்மா, ஒரு மணி நேரம் பேசாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

பிறகு டெஸ்ட். இந்தத் தடவை என்னை வெளியே உட்காரவைத்தார்கள். ஐம்பத்தாறு சொன்னாள். வெளியே வந்த அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் திரையைத் தட்டினார். கறுப்பு இடைவெளி பெரிதாகியிருந்தது. சர்க்கரைப் படத்தில் இடது முன்பக்கம் மங்கிக் கிடந்தது.

"ஸ்கேன் மோசமாயிருக்கு, டெஸ்ட் நல்லாயிருக்கு. புரியல சார். ஆனா ரூல்படி, பேச்சுல இறக்கம் இருந்தாத்தான் பயிற்சி. ஸ்கேனை மட்டும் வெச்சு சீட் தர முடியாது. உங்க சீட்டை வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறோம். சந்தோஷப்படுங்க."

கையில் ஃபைலோடு நின்றேன். தோற்றவர்களுக்கான சீட் அது. அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். "தேங்க்யூ டாக்டர்" என்றேன். பதினோரு வாரம் திறக்கவில்லை. காப்பியடித்தவர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்று, கடைசி வரை இல்லை என்று சாதிப்பதைப் பார்த்து நான் எப்படி முகம் சுளித்திருக்கிறேன்!

ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. குடை அவள் பையில் இருந்தது. அவளே வாங்கிய மடக்குக் குடை.

"குடையை எடு" என்றேன்.

பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். குடை கையில் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, இது எதுக்கு?" என்றாள். மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, ஈரத்தோடேயே அட்டையைக் காட்டினேன். சிவப்பாக, விரித்த குடை. "குடை" என்று உடனே சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள், காபிக்கு.

மறுநாள் அந்த அம்மாளிடம் போய்ச் சொன்னேன். லேமினேட் செய்த அட்டைக் கட்டையும் மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வரிசைகூட மாறலையே சார். அன்னிக்கு நான் அட்டையைத் திருப்பறதுக்கு முன்னாடியே அம்மா சொன்னாங்க. நடுவுல ஒண்ணு ரெண்டு ஒட்டியிருந்து, சேர்ந்து திரும்பிடுச்சு. நான் பிரிச்சு வைக்கற வரைக்கும் அம்மா சொன்னதும் படமும் ஒத்துப்போகலை. அப்பவே சந்தேகம். டாக்டர்கிட்ட சொன்னேன், ஆதாரம் எங்கன்னார்."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"என்கிட்ட எதுக்கு சார்? நீங்க பெரிய ஆபீசரா இருந்தவரு. கம்மியா வாங்கினாத்தான் சேர்ப்போம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அட்டைகளை ஒன்றாக அடுக்கிவிட்டு, "எழுதிக் கொடுங்க" என்றார். "எழுத்துல இல்லாம கமிட்டி எதையும் மாத்தாது."

எழுதினேன். பார்வை, பொருள், நடந்த விவரம், தேதி, கையெழுத்து. எத்தனையோ பேரிடம் நான் சொல்லச் சொல்ல எழுதி வாங்கிய வாசகம், யோசிக்கவே தேவைப்படவில்லை. 'இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன்' என்று முடித்து, திரும்பப் படிக்காமல் அவரிடம் நீட்டினேன்.

வேறு படங்கள் வைத்துத் திரும்ப டெஸ்ட் எடுத்தார்கள். அறுபதில் ஒன்பது. சீட் திரும்பக் கிடைத்தது, அதுவும் மூன்று மாதம் காத்திருந்த பிறகு. அதற்குள் என்னென்ன போயின என்று கணக்கில்லை. இப்போது வாரம் இரண்டு நாள் போகிறாள். அட்டை கிடையாது, வீட்டிலிருந்து அவள் கையால் எடுக்கிற பொருளைக் கொண்டுபோக வேண்டும். அதைத் தொட்டு, உபயோகித்து, பெயர் சொல்ல வேண்டும். "நீங்க சொல்லிக் கொடுத்ததை மறக்க வைக்கிறதுதான் சார் கஷ்டம்" என்கிறார் அந்த அம்மாள்.

அட்டைகளை அங்கேயே விட்டு வந்தேன். காலையில் காபியை இரண்டு கையாலும் நீட்டுகிறேன், "குடி, ஆறிடும்" என்கிறேன். அவள் உடனே வாங்குவதில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, என் இடது கையில் அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள். இல்லாவிட்டாலும் தொடங்கிவிடுகிறாள்.

"சீப்பு, குடை, ஆமை, பூட்டு, ஏணி..."

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அறுபதும் முடிந்த பிறகுதான் கையை நீட்டுகிறாள்.