கையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள்: பேரையூர்ப் பக்கம் ஒரு நாள்

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை நான் பேரையூர்ப் பக்கம் போனது காற்று வாங்குவதற்கு அல்ல. அலுவலகத்துக்கு ஒரு பெட்டிஷன் வந்திருந்தது. அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் குழந்தைகள் மையத்தில் ஆயாவாக இருக்கும் சீனியம்மா, வருகிற பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாள். திரும்பிப் போகும் பிள்ளைகளின் பங்கு அரிசி எங்கே போகிறது என்று விசாரித்து அவளை வேலையை விட்டு நீக்க வேண்டும். இப்படிக்கு, பொதுமக்கள்.

எங்கள் மேலதிகாரி அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீங்களே போய்ப் பாருங்கள். உண்மையாக இருந்தால் அந்த அம்மாவை நிறுத்திவிட வேண்டியதுதான்" என்றார்.

ஏன் என்னிடம் நீட்டினார் என்றால், விதியை எழுதியவன் நான். சத்துணவு வந்து இரண்டு வருஷம் ஆகிறதல்லவா, சின்னப் பிள்ளைகளுக்கு எதை, எப்படி, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எட்டு விதிகளை நல்ல தமிழில் எழுதி, அச்சடித்து, மாவட்டம் முழுக்கச் சுவரில் மாட்ட வைத்தது அடியேன்தான். பருப்பு மசிய வேக வேண்டும், கீரை வாரத்தில் மூன்று நாள், சாப்பிடுமுன் கை கழுவ வேண்டும் என்று போகும். எனக்கு வயது நாற்பத்தேழு, இடுப்பு நாற்பத்தொன்று, வாழ்நாளில் வேகவைத்தது வெந்நீர் மட்டும். முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டியபோது என் மனைவி, "நாலு பிள்ளைய நான் வளர்த்தேன், விதிய நீங்க எழுதினீகளாக்கும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

எட்டில் இரண்டை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் விதி: மையத்தில் தருவது வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலே தருவது, அதற்குப் பதிலாக அல்ல. நான்காம் விதி: தேடி வந்த எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது. சீனியம்மா மீறியதாகச் சொல்லப்பட்டது நான்காவது.

அடுத்து நம் அலுவலகத்தில் உங்களில் யாரையாவது இதே பாதையில் அனுப்புவார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். மதுரையிலிருந்து பேரையூர் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. காலை ஐந்து பத்துக்கு ஒரு வண்டி. டிக்கெட் மூன்று ரூபாய் எண்பது காசு. திருமங்கலம் தாண்டும் வரை நான் தூங்கினேன். பக்கத்தில் இருந்தவர் தோளில் தூங்கினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏழு மணிக்குப் பேரையூர். இட்லிக்கடையில் ஆவி பறந்தது. ஆனால் ஏழு இருபதுக்கு டவுன் பஸ். அதை விட்டால் ஒன்பதே முக்காலுக்குத்தான் அடுத்தது. மையம் திறக்கும்முன் போய் ஒளிந்து நின்று பார்க்க வேண்டும் என்று துப்பறியும் ஆசை வேறு. இட்லியைத் தியாகம் செய்தேன்.

டவுன் பஸ்ஸில் அறுபது காசு, ஏழு கிலோமீட்டர். கண்டக்டர் என் பையையும் செருப்பையும் பார்த்து, "எங்க சார் போறீக?" என்றார். சொன்னேன். "நேத்து மழையாச்சே. அந்தச் செருப்போடவா?" என்று சிரித்துவிட்டு விசில் ஊதினார். இறங்கி நடந்தபோது சிரிப்பின் பொருள் விளங்கியது. சாலை பிரியும் விலக்கிலிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர், அத்தனையும் கரிசல். பத்தடிக்கு ஓர் அங்குலமாக மண் ஒட்டி, பாதி தூரத்தில் நான் அரை அடி வளர்ந்திருந்தேன். பிறகு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பழைய உயரத்துக்கு வந்தேன். இருபுறமும் பருத்தியும் சோளமும், களையெடுக்கும் காலம்.

ஊர் முகப்பில் முத்துக்கருப்பன் டீக்கடை. டீ நாற்பது காசு, நல்ல டீ. பெரிய மீசை, சட்டைப் பையில் பேனா. நான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல் ஊர்வம்பு கேட்டேன். வம்பு கேட்பதில் எனக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை.

"அண்ணே, இங்க பால்வாடி எப்படி நடக்குது?"

"அத ஏங்கேக்குறீக. சீனியம்மான்னு ஒரு பொம்பள. வாசல்ல நின்னாள்னா செக்போஸ்ட்டு கெட்டது. எம் பேத்தி செல்விய மூணு தடவ திருப்பி அனுப்பிட்டா. என் பேத்திய! பெட்டிஷன் போயிருக்கு. ஆபீஸ்லருந்து ஆள் வரும்."

"யாரு போட்டது?"

"பொதுமக்கள்" என்றார் முத்துக்கருப்பன், மீசையைத் தடவிக்கொண்டு.

இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு, எட்டரைக்கு மையத்தின் எதிரே ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். என் அகலத்துக்கு அந்த மரம் போதாது. ஆனால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

ஐம்பது வயது இருக்கும் சீனியம்மாவுக்கு. ஒல்லி, குரல் மட்டும் பெரிசு. வாசல்படியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பிள்ளையின் வலது கையையும் பிடித்து விரித்துப் பார்க்கிறாள். கேப்பைக்கூழ் குடித்த பிள்ளைக்கு விரல் இடுக்கில் காய்ந்த கூழ் இருக்கும். "நீ உள்ள போ." கழுவிவிட்டு வந்த பிள்ளை என்றால் வாயை மோந்து பார்க்கிறாள். "வெங்காயம். உள்ள போ." ராக்கு என்ற இளம் தாய் இடுப்பில் மூன்று வயதுப் பையனோடு ஓடிவந்தாள். அவன் கை சுத்தமோ சுத்தம்.

"என்னடி ராக்கு, பால் மாதிரி இருக்கு கை?"

"யக்கா, களைக்கு நேரமாச்சு. மத்தியானம் நீதான் போடப்போறயில்ல!"

"நான் போடுறது பன்னெண்டரைக்கு. நேத்து ராத்திரி தின்னது அது வரைக்கும் நிக்குமா? போ, ரெண்டு வாய் ஊத்திட்டு வா."

"களைக்கொத்து ஆளுக போயிருவாளுக யக்கா!"

"போகட்டும். நீ ஓடு."

ராக்கு அவளைத் திட்டிக்கொண்டே ஓடினாள். ஆக, புகார் உண்மை. என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். நெஞ்சை நிமிர்த்தி மரத்தை விட்டு வெளியே வந்து வாசலுக்குப் போனேன்.

"நான் மதுரை ஆபீஸ்லருந்து வாரேன்" என்றேன், வேண்டிய கனத்தோடு.

அவள் எழுந்து நின்றாள். பயப்படவில்லை. சேறு பூசிய என் காலைப் பார்த்தாள், கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீக?"

"டீ."

"எத்தன?"

"ரெண்டு."

உள்ளே நாற்பது பிள்ளைகள் சிரித்தன. சுவரில் என் எட்டு விதிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். என்னைப் படியில் உட்காரவைத்து, கம்பங்கஞ்சியும் நாலு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள். "இது எங்க வீட்டுக் கஞ்சி, மையத்துது இல்ல. அதையும் எழுதிக்கங்க" என்றாள். எழுதிக்கொள்ளக் கை ஒழியவில்லை.

குடித்து முடித்ததும் கேட்டேன், பிள்ளைகளை ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று.

"சோறு வந்த மறுமாசமே ஊர்ல காலையில அடுப்பு அணஞ்சு போச்சு சார். 'அங்கதான் போடுறாகள்ல'ன்னுட்டாளுக. தப்பு சொல்லல, விடியமுன்ன காட்டுக்குப் போறவளுக. ஆனா மூணு வயசுப் பிள்ளைக்கு வயிறு எம்புட்டு இருக்கும்? ஒரு நாளைத் தீனிய ஒரேயடியா ஒரு தட்டுல வச்சா தின்னுமா? பாதிய எறச்சிட்டுத் தூங்கிரும். தராசுல தூக்கினா போன மாசத்து எடைதான். டீச்சரக் கேளுங்க."

அமைப்பாளர் தனலட்சுமி டீச்சர் எடை அட்டைகளை எடுத்துவந்தார். நாம் எல்லோரும் மாதாமாதம் நிரப்பச் சொல்கிற அதே அட்டைதான். நான் இதுவரை அட்டை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேனே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. முதல் ஐந்தாறு மாதம் கோடு கரிசல்காடு போலப் படுத்துக்கிடந்தது. இவள் வாசலில் கை பார்க்க ஆரம்பித்த மாதத்திலிருந்து ஏறியது. ஒன்று, இரண்டு அல்ல, கட்டு முழுவதும். ஒரே ஓர் அட்டையில்தான் கோடு படுத்தே கிடந்தது.

"இது யாரு?"

"டீக்கடைக்காரர் பேத்தி செல்வி சார். தெனமும் டீயும் பன்னும்தான். அது சாப்பாட்டுல சேராதுன்னு இவங்க, சேரும்னு அவரு" என்றார் டீச்சர்.

பத்து மணிக்குள் ராக்குவின் பையன் உதட்டில் கூழோடு வந்து சேர்ந்தான். பன்னிரண்டரைக்கு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து பருப்போடு கடைந்துவிட்டிருந்தாள். பிள்ளைகள் கீரையைப் பொறுக்கி ஓரத்தில் வைக்க வழியே இல்லை. வந்தது நாற்பத்தொரு பிள்ளை, சாப்பிட்டது நாற்பத்தொரு பிள்ளை. அரிசி எங்கேயும் போகவில்லை, அவர்கள் வயிற்றுக்குத்தான் போயிற்று.

சாப்பிட்டாலும் எனக்குச் செரிக்கவில்லை. நான்காம் விதியை அவள் தினமும் மீறுகிறாள். முதல் விதியை, எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான் நடத்திக் காட்டுகிறாள். இரண்டையும் எழுதியவன் நான். எழுதும்போது இரண்டும் ஒரே வாசலில் மோதிக்கொள்ளும் என்று தோன்றவே இல்லை.

மூன்றரைக்கு ராக்கு பையனைக் கூட்டிப்போக வந்தாள். வந்ததும் என்னிடம் முறையிட்டாள். "சார், இவ சொல்றது நெசந்தான். ஆனா போன வாரம் இவளால எனக்கு ஒரு நாள் கூலி போச்சு. பிள்ளைய வரப்புல போட்டுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு அவனுக்குக் கஞ்சியும் இல்ல, சோறும் இல்ல."

அன்றைக்கு முதல்முறையாகச் சீனியம்மா தலை குனிந்ததைப் பார்த்தேன்.

"திருப்பி அனுப்பாதீங்க. உள்ள விட்டுருங்க" என்றேன்.

"உள்ள விட்டா ஒருத்தியும் அடுப்புப் பத்தவைக்க மாட்டா சார்."

"பத்தவைக்காட்டி என்ன?" என்றாள் ராக்கு. "ராத்திரிக் கூழு இருக்கும்ல. தூக்குவாளியில ஊத்திக் கொண்டாந்து வச்சிடுறேன். நீயே ஊட்டு. எனக்குக் கூலியும் போகாது."

"வாளி இல்லாம வந்தா?"

"வந்தா சாயங்காலம் இதே வாசல்ல வச்சு என்னைய வையி. இப்ப மட்டும் வையாமயா இருக்க?"

அதோடு ஒப்பந்தம் முடிந்தது. வாசலில் கை பார்ப்பது நிற்காது. உள்ளே விடுவதும் நிற்காது. இரண்டு விதியையும் ஒரு தூக்குவாளி சமாதானம் செய்துவைத்தது.

மறுநாள் அறிக்கை எழுதினேன். முதல் வரி: "புகார் உண்மை." இரண்டாம் வரி: "அரிசி பற்றிய சந்தேகம் பொய்." கூடவே எடை அட்டைகளின் நகல். மேலதிகாரி அம்மா படித்துவிட்டு, "நிறுத்த வேண்டுமா, வேண்டாமா?" என்றார்.

"வேண்டாம். நிறுத்தினால் என் முதல் விதியையும் எல்லாச் சுவரிலிருந்தும் கழற்றிவிடலாம்" என்றேன். வேலையில் சேர்ந்து இருபது வருஷத்தில் மேலதிகாரியிடம் நான் இப்படிப் பேசியதில்லை.

அவர் அட்டைகளைப் புரட்டி, படுத்துக்கிடந்த கோட்டில் விரல் வைத்தார். "எழுத்திலேயே புகார் உண்மை என்கிறீர்கள். நான் எதை வைத்து அந்த அம்மாவைக் காப்பாற்றுவது? தை மாதம் போய் எடை போடுங்கள். ஒரு குழந்தை பாக்கியில்லாமல் எல்லாம் ஏறியிருந்தால் இருக்கட்டும். இல்லையென்றால் என்னைக் கேட்காதீர்கள்."

ஆக, சீனியம்மாவின் வேலை புகார் கொடுத்தவரின் பேத்தி வயிற்றில் போய் நின்றது. இதை அவளிடமும் சொல்லவில்லை, முத்துக்கருப்பனிடமும் சொல்லவில்லை. வம்பு பேசியே வளர்ந்த நான் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது என் குடும்பத்தாருக்கே கவலையாகிவிட்டது.

தையில் மறுபடி அதே வண்டி, அதே கட்டணம். இந்த முறை கற்றதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேரையூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதே முக்கால் வண்டிக்கே போங்கள். துப்பறிய அங்கே ஒன்றும் இல்லை. மழைக்கு மறுநாள் போகாதீர்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும், விலக்கில் நிழல் கிடையாது. திரும்ப நான்கு பத்துக்கும் ஆறு மணிக்கும் வண்டி. எந்த மையத்துக்குப் போனாலும் அரிசி டின்னைத் திறக்கும்முன் எடை அட்டையைத் திறங்கள். பிள்ளைகள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் செலவில்லை.

நான் போனபோது சுவரோரமாக நாற்பதுக்கு மேல் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. தராசை உத்தரத்தில் மாட்டி, துணித்தொட்டிலில் ஒவ்வொரு பிள்ளையாக வைத்துத் தூக்கினோம். எல்லாம் ஏறியிருந்தன. கடைசியாக செல்வி. கூட முத்துக்கருப்பனே வந்திருந்தார், கையில் பளபளவென்று ஒரு புது எவர்சில்வர் வாளி.

"என்னண்ணே, நீங்களுமா?" என்றேன்.

"பின்ன? ஊர்ல உள்ள பிள்ளையெல்லாம் வாளியோட போகையில எம் பேத்தி மட்டும் வெறுங்கையோட போனா, முத்துக்கருப்பன் வீட்டுல கஞ்சிக்கு வழியில்லன்னு பேசுவானுக. கடையில வாய் கூசாமக் கேட்டுட்டானுக சார்."

செல்வியைத் தொட்டிலில் வைத்தார்கள். கார்த்திகையில் அவள் எடை பதினொரு கிலோ. முள் ஆடியது. டீச்சர் குனிந்தார். எனக்கு மூச்சு நின்றது. இவ்வளவு இடுப்புள்ளவனுக்கு அது நல்லதல்ல. சீனியம்மா மட்டும் தராசைப் பார்க்காமல், பிள்ளை பயந்துவிடாமல் இருக்க அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்புட்டு?" என்றார் முத்துக்கருப்பன்.

"பதினொன்றரை" என்றார் டீச்சர்.

முத்துக்கருப்பன் பேத்தியைத் தொட்டிலோடு அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவே கேட்கும்படி கத்தினார்: "அரைக் கிலோ ஏறியிருக்கா! எங்க மையத்துப் பிள்ளை!"

"தொட்டிலக் குடுத்துட்டுக் கத்துங்க" என்றாள் சீனியம்மா.