டாக்டரம்மாவிடம் சொன்ன நாற்றம்

அன்று சித்தூர் ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் நைனா, அதாவது என் அப்பா, கால்மாட்டில் அம்மா, நான், தமிழ் தெரியாத வடநாட்டு டாக்டரம்மா, ஒரு நர்ஸ். வராதவர் என் மாமா. ரயில்வேயில் வேலை; அதிகாரிகளிடம் இங்கிலீஷில் பேசத் தெரிந்தவர். பாகாலா ஸ்டேஷனில் எங்களோடு சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தார், ஆளைக் காணோம். அதனால் பேச வேண்டியவன் நானானேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், திருப்பதியில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன்.

நைனாவின் காலில் ஏர்க்கொழு குத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன. புண்ணின் நாற்றத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. "காலு கொஞ்சம் செரியில்ல" என்பதோடு சரி. நைனா தானாகவே படுக்கையை மாட்டுக்கொட்டகைப் பக்கம் மாற்றிக்கொண்டார். விடுமுறைக்கு வந்த நான், அம்மா கட்டை அவிழ்த்தபோது வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். அதைப் பற்றியும் பேச்சில்லை.

அறைக்குள் போகும் முன் ஆஸ்பத்திரிக் குழாயடியில் அம்மா புண்ணைச் சீயக்காய் போட்டுக் கழுவினாள். அழுத்தித் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மேலே கொட்டினாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"பெரிய மனுஷி மூக்கப் பொத்திக்கினா நமக்குத்தான அசிங்கம்? சும்மா இரு."

காலையில் போட்ட மாத்திரையில் காய்ச்சலும் இறங்கியிருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். பவுடர் வாசனை. மேலே காய்ந்த பொருக்கு. வெளியே வரிசை வராந்தா தாண்டிப் போயிருந்தது.

"நோவுதா பெரியவரே?" என்று நர்ஸ் கேட்டாள்.

"லேசாத்தாம்மா."

தடவ ஒரு மருந்து எழுதினார் டாக்டரம்மா. அடுத்த வாரம் வந்தால் போதுமாம். அடுத்த வாரம் இந்தக் கால் இருக்குமா?

"மேடம், இட் இஸ் பேட்," என்றேன். "வெரி பேட்."

எந்த விதத்தில் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவை மூடினார்.

மோசமானவற்றைச் சொல்லும் ஆங்கில வார்த்தைகள் ஒரு பக்கம் முழுக்க எனக்கு மனப்பாடம். அலிபிரிச் சாலையில் நடந்துகொண்டே உருப்போட்டவை. ஹாரிட், ட்ரெட்ஃபுல், டெரிபிள், ஹிடியஸ். பரீட்சையில் எதை எழுதினாலும் ஒரே மதிப்பெண்தான். கெட்ட கனவுக்கு ஒன்று, ரயில் விபத்துக்கு ஒன்று என்று கோடிட்ட இடத்தை நிரப்புவேன். ஒன்றுக்கும் நாற்றம் இருந்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாஸ்டி? அது பாடத்தில் குறும்புக்காரப் பையனுக்கு வந்தது. ஹாரிபிள்? நோயாளியோடு வரும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். டாக்டரம்மா எழுந்துவிட்டார்.

"ஸ்மெல், மேடம். ஃபவுல். ப்யூட்ரிட். மை மதர் வாஷ்டு இட்."

அவர் நின்றார். நர்ஸிடம் ஏதோ கேட்டார். நர்ஸ் நைனா பக்கம் திரும்பி, வராந்தாவுக்கே கேட்கும்படி, "இன்னா பெரியவரே, காலு அழுவி நாறுதாமே? உம் புள்ள சொல்றான்!" என்றாள்.

நைனா என்னைப் பார்த்தார். "இன்னாடா சொன்ன அந்தம்மாகிட்ட?"

"ஊட்ல கூட அந்தப் பேச்ச எடுக்கலியேடா," என்றாள் அம்மா. "இத்தினி பேரு முன்னால..."

ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்குக் கூசவில்லை. அதையே தமிழில், நைனா முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "உள்ளதத்தான் சொன்னேன், நைனா," என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மா பொருக்கின் ஓரத்தைக் கருவியால் அழுத்தினார். பவுடர் வாசனையைத் தள்ளிக்கொண்டு அது அறை முழுக்கப் பரவியது. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா பொத்தவில்லை. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ஆபரேஷன். இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முழங்காலோடு எடுத்திருப்பார்களாம்.

மறுநாள் மாமா வந்து சேர்ந்தார். "இன்னாடா, உங்க நைனாவ இங்கிலீஷ்ல திட்டிக்கினு இருந்தியாமே?"

நைனாதான் பதில் சொன்னார். "திட்டல மச்சான். நாறுதுன்னான். நாறத்தான செஞ்சுது?"

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது.

கட்டில், மருந்து, ஆபரேஷன் எல்லாம் சேர்த்து முந்நூற்று எழுபது ரூபாய். உழவு மாட்டில் ஒன்றை விற்றுக் கட்டினோம்.