'என்னைப் பற்றி' என்ற பெட்டி

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் பண்டாரவளைச் சந்தையில் என் லொறி வந்து நின்றால்தான் கோவா, லீக்ஸ் என்று எல்லா மரக்கறிக்கும் அன்றைய விலை பிறக்கும் என்று இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லாதவர்களையும் சொல்ல வைத்தவன் நான். ஆகவே, நூலகத்து மேல்மாடியில் ஞாயிறு தோறும் எழுத்துப் பயிற்சி வகுப்பு தொடங்குகிறோம், நாற்காலி வேண்டும் என்று ஒரு டீச்சர் வந்து கேட்டபோது, இருபது நாற்காலி இறக்கிக் கொடுத்துவிட்டு, "அதுல ஒண்ணு எனக்கு" என்றேன்.

மற்றப் பத்தொன்பதிலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு ஞாயிறுகூட நான் பிந்திப் போனதில்லை.

வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. என்னிடம் மின்னஞ்சல் கிடையாது. "பரவாயில்லங்க ஐயா, ஒங்களுடையத என் கணக்குலயே தெறந்து தர்றேன்" என்றார். யார் கணக்கில் திறந்தால் என்ன, பெயர் என்னுடையதுதானே என்று இருந்துவிட்டேன்.

வடிவமைப்புச் செய்த அன்று டீச்சர் வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்துக் காட்டினார். மரண அறிவித்தல் மாதிரி இருந்தது. என் லொறியின் நெற்றியில் இருப்பது போல மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, இரண்டு ஓரத்திலும் தாமரைப்பூ வேண்டும் என்றேன். பக்கத்து நாற்காலிப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஹோர்ன் மட்டுந்தான் இல்ல தாத்தா" என்றாள்.

"அதையும் வைக்கலாமா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

வலது பக்கத்தில் 'என்னைப் பற்றி' என்று ஒரு பெட்டி. நான் சொல்லச் சொல்ல டீச்சர் தட்டினார். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் வெறுங்கையோடு பண்டாரவளைக்கு வந்து, யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக முன்னுக்கு வந்தவன். அவருடைய விரல் நின்றது.

"யாருமே ஒதவலையாங்க ஐயா?"

"போடுங்க டீச்சர். அந்த வரி கொஞ்சம் தடிப்பா இருக்கட்டும்."

கல்யாண வீட்டிலும் கோயில் கூட்டத்திலும் முப்பது வருடமாக நான் சொல்லிவருகிற வரி அது. வாய்க்குப் பழகிவிட்டது. ஒருநாளும் யோசித்துச் சொன்னதில்லை.

வகுப்பு முடிந்தது. டீச்சர் கல்யாணம் கட்டிக்கொண்டு வெளிநாடு போனார். நான் போனும் கையுமாக ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அக்காவிடம் போனேன்.

அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனியாகத்தான் லயத்தில் இருக்கிறாள். அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. இந்த மலை எப்போது இறங்குமென்று சொல்ல முடியாது, மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருடமாக என் வீட்டுக்கு வரச் சொல்லி அவளிடம் கெஞ்சாத குறை. அந்த மாதம்தான் முதன்முறையாக, "தீவாளி கழியட்டும், வர்றேன்" என்றிருந்தாள். அவளுக்கென்று அறையையும் ஒழித்து வைத்துவிட்டேன்.

"தம்பி கம்பியூட்டர்ல வந்துட்டான், வாங்கடி" என்று அக்காவே பக்கத்துக் காம்பராப் பெண்களைக் கூப்பிட்டாள். நான் வாசலில் நின்று, சந்தையில் விலை சொல்கிற குரலில் படித்தேன். 'யாருடைய உதவியும் இல்லாமல்' என்று வாய் படித்துக்கொண்டிருக்கும்போதே கண் அக்காவின் மேல் விழுந்தது.

நான் தோட்டத்தை விட்டுப் போன வருடம் அப்பா படுத்த படுக்கை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா எங்களுக்கு. இல்லாவிட்டால் அப்பா அம்மாவோடு தெருவில்தான் நிற்க வேண்டும். பதிய வேண்டிய பேர் என்னுடையது. பண்டாரவளையில் தையல் பழகக் கிடைத்திருந்த இடத்தை விட்டுவிட்டு, அக்கா தன் பேரைப் பதிந்தாள். மறுநாள் நான் பஸ் ஏறினேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதன்பின் பேசியதே இல்லை.

வாய் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. 'முன்னுக்கு வந்தவன்' வரை படித்துத்தான் ஓய்ந்தது.

"மாமா ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காரு" என்றாள் ஒருத்தி.

"ஆமா, பாவம். ஒரு ஆளு இல்ல அவனுக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி வைக்க எழுந்தாள்.

புறப்படும்போது தீபாவளிக்குப் பிறகு எந்த நாள் வேன் அனுப்பட்டும் என்று கேட்டேன்.

"நான் வரல தம்பி. யாரு ஒதவியும் இல்லாம இருக்கிறதுதானே நம்ம குடும்பத்து வழக்கம்."

மறுநாளே போன் கடைக்குப் போய் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது டீச்சர் கணக்குல இருக்குங்க. அவங்க பாஸ்வேர்ட் இல்லாம ஒரு எழுத்தக்கூட தொட முடியாது." டீச்சரின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அவருடைய வீட்டாரும் ஊர் மாறிவிட்டார்கள். அடியில் வாசகர் கருத்து எழுத ஓர் இடம் இருப்பதைக் கடைக்காரர்தான் காட்டினார். ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் தட்டினேன். 'மேலே உள்ளது பொய். என் அக்கா பேர் பதிந்தாள். அதனால்தான் நான் போனேன்.' அனுப்பியதும், உங்கள் கருத்து அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. அனுமதிக்க வேண்டியவர் டீச்சர். சந்தையில் நான் கை காட்டினால் பத்து லொறி நிற்கும். இங்கே எனக்கே சொந்தமான பக்கத்தில், என்னைப் பற்றி நான் சொன்ன பொய், மஞ்சளில் சிவப்பாக, தடிப்பாக நிற்கிறது. உண்மைதான் வாசலில் காத்துக் கிடக்கிறது.

தீபாவளி கழிந்து மழை பிடித்தது. வேன் பிடித்துக்கொண்டு போனேன். லயத்து ஆட்கள் எல்லாரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வரிய எடுக்கப் பாத்தேன் அக்கா. முடியல."

"எதுக்கு எடுக்கிற? நல்லாத்தானே படிச்ச. இவளுக மறுபடி கேக்கணுங்கிறாளுக."

சொல்ல வேண்டியது ஒரே வரி. அன்று வாசலில் கேட்ட பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். தனியாக முன்னுக்கு வந்த மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன். "மழை கூடுது, வா அக்கா" என்றுதான் வந்தது.

"நீ பொழுதோட கெளம்பு தம்பி, பாதைய மூடிருவாங்க. ஒனக்கென்ன, தனியாப் போயிப் பழகினவன்."

நான் தனியாக ஏறிவந்த வேன் பெரகலைச் சந்தியைத் தாண்டியதும், ஹல்துமுல்லைப் பக்கம் மண் இறங்கிவிட்டதென்று பொலிஸ்காரர்கள் எனக்குப் பின்னால் பாதையை மறித்தார்கள்.

இன்றைக்கு மூன்றாவது நாள். பாதை இன்னும் திறக்கவில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அக்காவுக்குப் போன் எடுக்கிறேன். "இருக்கேன்" என்கிறாள். நான் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் வைத்துவிடுகிறாள்.