உண்டியலுக்குப் போன ஹார்ட் டிஸ்க்

"ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை" என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அன்று திருத்தணியில் நான் பார்த்த அம்மாள் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர், விரல்களில் சாயக்கறை. பழைய கம்ப்யூட்டரை விற்க வந்தவர், ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வாங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் இறந்துபோன மகளின் படங்கள் இருந்தன.

"எல்லாத்தையும் அழிச்சித் தரட்டுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"அழிக்க மனசு வரலைங்க. கண்டவங்க பாத்துகினு இருக்கவும் கூடாது. மலைமேல உண்டியல்ல போட்டுர்றேன்."

"உண்டியலைத் தொறந்து எண்ணுவாங்களேம்மா!"

"சாமிக்குப் போட்டதை யாருங்க பிரிச்சிப் பாப்பாங்க?"

அந்த அம்மாள் மலைப்படி ஏறிப் போனார். சரிபார்க்காமல் நான் எந்தச் செய்தியும் எழுதுவதில்லை. ஆனால் கோயிலில் விசாரித்தால், யாராவது தேடியெடுத்துத் திறந்து பார்த்துவிடுவார்கள். அவர் அதை உண்டியலில் போட்டாரா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.