அமைச்சருக்கு ஒரு கூடை பேரிக்காய்

பழம் பயிரிடுவோர் சங்கத்துக்கு ஐந்நூறு உறுப்பினர்கள், ஒரு தலைவர், ஒரு வாடகைக் கட்டடம், ஒரு கூடைக்காரர். கூடைக்காரர் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்பது கூடைக்காரருடைய அபிப்பிராயம். யாரும் அதை மறுத்ததில்லை. அவரிடம் உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

அவருக்கு இரண்டு ஏக்கரில் பேரி மரங்கள் இருந்தன. ஆனால் ஊர் அவரை அறிந்தது கூடையால்தான். வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்தார் மனுவைத் தூக்கிக்கொண்டு விவசாய அமைச்சரைப் பார்க்கப் போவார்கள். மனுவோடு ஒரு கூடைப் பழமும் போகும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூடையை அடுக்குகிறவர் இவர். எந்தப் பழத்துக்கும் ஒரு கன்னம் நன்றாக இருக்கும், ஒரு கன்னம் சுமாராக இருக்கும். நல்லது மேலே, சுமார் கீழே. தொழிலில் இதை முகம் பார்த்து அடுக்குவது என்பார்கள். அவர் அடுக்கினால் ஒவ்வொரு பழமும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இறக்குமதிக்கு வரி போடச் சொல்லி நான்கு கூடை போயிருக்கிறது. குளிர்பதனக் கிடங்கு கேட்டு ஒன்பது. மின்கட்டணத்துக்கு மட்டும் எத்தனை என்று அவருக்கே மறந்துபோயிற்று. கேட்டது ஒன்றும் கிடைக்கவில்லை. கூடையை மட்டும் வந்த அமைச்சர்கள் எல்லாரும் வாயாரப் புகழ்ந்தார்கள். இவ்வளவு அழகான பழம் விளைவிக்கிற உங்களுக்கு என்னய்யா குறை என்று ஓர் அமைச்சர் கேட்டே விட்டார். தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பொதுக்குழுவில் வந்து சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கூடைக்காரரும் தட்டினார்.

அந்த வருஷம் அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆலங்கட்டி மழை பெய்தது. பத்தே நிமிஷம்தான். தலைவருடைய தோட்டத்துக்கு மேலே வலை இருந்தது. கூடைக்காரருடைய தோட்டத்துக்கு மேலே வானம் இருந்தது. மரங்களின் பட்டை உரிந்து தொங்கியது. காய்களில் அடி வாங்கிய பக்கமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகக் கறுத்துவிட்டது. அரசாங்கத்தின் சேதப் பட்டியலில் அந்த வட்டாரம் ஏறினால் புது நாற்றுகளும், அவை காய்க்கும் வரை உதவியும் வரும். ஏறாவிட்டால் நிலத்தை மச்சினனுக்கு விடுவதைத் தவிர வேறு வழியில்லை. மச்சினன் அங்கே லாரி நிறுத்த ஆசைப்பட்டு இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

இந்த முறை கூடையில் அடிபட்ட பழம்தான் போக வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. கூடைக்காரரின் மனைவிக்கு அவர் கையைத் தெரியும்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் உங்க கைவரிசையெல்லாம் வேண்டாம். அடிபட்டதை அடிபட்ட மாதிரியே வையுங்க" என்றாள்.

அவர் சத்தியமே செய்தார். விடிந்ததும் தோட்டத்துக்குப் போய், இருப்பதிலேயே மோசமானவையாகப் பார்த்து முப்பது பழம் பறித்தார். பறிக்கும்போது கண் கலங்கியது. ஒவ்வொரு மரமும் அவர் கையால் ஒட்டுக்கட்டியது.

சங்கத்து அறையில் கூடையை மடியில் வைத்து அடுக்க உட்கார்ந்தார். தலைவர் எதிரில் நின்று, அமைச்சர் முன்னால் பேச வேண்டியதைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கண்ணீர்' என்ற சொல்லை எங்கே வைக்கலாம் என்று நடுநடுவே யோசனை கேட்டார். கூடைக்காரர் யோசனை சொன்னார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வைக்கோல் பரப்பி, காம்பைச் சாய்த்து, இடையிடையே இலை செருகி, மேலே கண்ணாடித் தாள் சுற்றி, நாடா கட்டி முடித்தது.

அமைச்சர் தன் அலுவலகத்தில் கூடையை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். தலைவர் அப்போதுதான் 'கண்ணீர்' வரை வந்திருந்தார்.

"இதுதான் ஆலங்கட்டி அடிச்ச பழமா? அடிக்காத பழமே எங்க தோட்டத்துல இவ்வளவு நல்லா வந்ததில்லையே" என்றார் அமைச்சர்.

கூடைக்காரர் எட்டிப் பார்த்தார். முப்பது பழமும் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தன. அவருக்கு உயிரே போய்விட்டது. மரியாதையெல்லாம் மறந்து பாய்ந்து தாளைக் கிழித்து, ஒரு பழத்தைப் புரட்டிக் காட்டினார். அமைச்சர் தன் கையால் இன்னொன்றைப் புரட்டினார். பிறகு இன்னொன்று.

"நல்லதை மேல காட்டி, கெட்டதைக் கீழ மறைக்கிறதுதான் உங்க வழக்கமா?"

"மறைக்கணும்னு இல்லீங்க ஐயா. பழக்கம். கை தானா செஞ்சிடுச்சு."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு வருஷமாங்க" என்றார். அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. அமைச்சரின் உதவியாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி சத்தம் போடவில்லை. "ஒரு பழத்தைக்கூடவா திருப்பி வைக்கத் தோணலை?" என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. வெட்கத்தில் அன்று அவர் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

சேதப் பட்டியலில் வட்டாரம் ஏறவில்லை. கூடையை ஆதாரமாக ஏற்க முடியாது என்று பதில் வந்தது. மரங்களை வெட்டினார்கள், மச்சினன் லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அடுத்த பருவத்தில் அரசாங்கம் ஒரு புது விதி போட்டது. இனிமேல் பெட்டியிலோ கூடையிலோ பழம் அடுக்கினால் அடிபட்ட பக்கம் மேலே தெரிய வேண்டும். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. விவசாயக் கொள்கையில் சங்கத்தால் ஒரு வாசகம் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்ல அமைச்சரிடம் போவது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானமாயிற்று.

மரம் இல்லாதவர் உறுப்பினராக இருக்க முடியாது என்பதால் கூடைக்காரரின் பெயரை அதே கூட்டத்தில் நீக்கியிருந்தார்கள். ஆனாலும் தலைவர் நேரில் வந்து கூப்பிட்டார்.

"வேற யாரு அடுக்குவா? பழம் என் தோட்டத்துது. புது விதிப்படியே அடுக்கிடுங்க."

கூடைக்காரர் மறுக்கவில்லை. மறுபடியும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலைக்குள் விளைந்த பழங்கள். முப்பதிலும் தேடிவிட்டார், மேலே வைக்க ஓர் அடிபட்ட பக்கம் கிடைக்கவில்லை.

பிறகு இருப்பதிலேயே அழகான பழத்தை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு குழி பறித்து, அந்தப் பக்கம் மேலே தெரிய நடுவில் வைத்து, நாடாவைக் கட்டினார்.