எழிலியைத் தவிட்டுக்கு விற்ற குப்பம்மா அக்கா

அன்று காலை கடை திறந்ததுமே ஒரு கணவனும் மனைவியும் பால் கிண்ணத்தில் குழந்தையின் பெயர் வெட்ட வந்திருந்தார்கள். குப்பம்மா அக்கா வந்துவிடுவார் என்று நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். அப்போதுதான் முதலாளிக்கு அக்காவின் மகன் போன் செய்தார். பேசி முடித்த முதலாளி, "குப்பம்மா போயிடுச்சும்மா. விடியக்காலைல நெஞ்சு வலியாம்" என்றார். அக்காவை முன்பின் பார்த்திராத அந்தப் பெண்ணும் எழுந்து நின்றுவிட்டார்.

அக்காவின் படத்திறப்பில் என்னையும் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தேரடித் தெருவில் உள்ள இந்தப் பாத்திரக் கடைக்கு வேலைக்கு வந்தேன். பெயர் வெட்டும் மெஷினில் அக்கா இருந்தார். குழந்தையின் பெயர் என்றால் உடனே வெட்ட மாட்டார். "என்னா அர்த்தம்?" என்று கேட்பார். "அர்த்தம் தெரியாம வெட்டுனா எனக்குக் கை ஆடுது" என்பார். அது பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மகளுக்கு ஆழினி என்று வெட்டச் சொன்னார். ஆழி என்றால் கடலாம்.

"கடலப் பாத்திருக்கீங்களாண்ணா?"

"இல்லம்மா. அவளாவது பாக்கட்டும்."

அக்கா அன்று அந்தப் பெயருக்குக் கீழே ஒரு சின்ன அலையும் போட்டுக் கொடுத்தார். இன்னொரு நாள் ஒரு ஜோடி ஞாழல் என்ற பெயரோடு வந்தது. மஞ்சளாகப் பூக்கும் ஒரு மரத்தின் பழைய பெயர் அது என்றார்கள். ஞ-வில் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். "வெட்டறதுக்குக் கஷ்டமான எழுத்தா பாத்து எடுத்துக் குடுத்திருக்காரு, நல்ல மனுசன்" என்றார் அக்கா. அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அக்காவின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. அவருக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அவரை முறத்தில் வைத்துக் குப்பையில் போட்டு, வேறொருத்தியை எடுக்கச் சொல்லி, அவளிடம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவு விட்டுவிட்டுப் போகும் என்பது நம்பிக்கை. "குப்பை வண்டி வந்தா பசங்க என்னைய ஏறிக்கச் சொல்வானுங்க" என்று சிரிப்பார். ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. "எங்கம்மா பயந்து வெச்ச பேருதான். ஆனா ஆசையில்லாமலா பயந்துச்சு?" என்பார்.

என் அண்ணிக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணி எழிலி என்று பெயர் வைக்க ஆசைப்பட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த சொல். மழை மேகம் என்று அர்த்தம். "எங்கப்பா மல்லாட்டைய வெதச்சுட்டு வானத்தையே பாத்துட்டு இருப்பாரு. அந்த மாதிரிதான் நான் இவளுக்குக் காத்துட்டு இருந்தேன்" என்றார். என் அம்மா அழுதுவிட்டார். "நல்ல நல்ல பேரா வெச்ச ரெண்டும் போச்சு. இதுக்குக் குப்பம்மான்னுதான் வெக்கணும்." அண்ணன் யார் பக்கமும் பேசவில்லை. அண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா என்னிடம், "உங்க கடை குப்பம்மாவக் கூட்டியா. குப்பைல கெடந்து பொழச்சவ கை. அவ எடுத்தா கொழந்த தங்கும்" என்றார். எனக்கு அண்ணியின் ஆசைதான் சரி என்று பட்டது. அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லை. ஆட்டோவில் வரும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதெல்லாம் சும்மான்னு அம்மாகிட்ட நீங்க சொல்லுங்கக்கா" என்றேன். "ரெண்டு பேரப்புள்ளைய வாரிக் குடுத்தவகிட்ட போய் சும்மான்னு சொல்றதா?" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் குப்பை மேட்டில் புதுத் துணி விரித்து, முறத்தில் குழந்தையை வைத்தார்கள். அக்கா குனிந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இப்ப இது யார் கொழந்த?" என்றார்.

"உன்னுதுதான்" என்றார் அம்மா.

"அப்ப பேரு வெக்க வேண்டியவ நானு. ஏம்மா, அந்தப் பேரு என்னா சொன்ன?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி மெதுவாக, "எழிலி" என்றார்.

"எழிலி. வெச்சாச்சு."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "குப்பம்மா, என்னா இது?"

"மொறப்படிதாம்மா செய்யறேன். குப்பைல எடுத்தது நானு, பேரு வெச்சது நானு. நீ வெக்கல இல்ல? பயத்துக்கு வெச்ச பேரு என்கிட்ட ஒண்ணு இருக்கு, அது போதும். எவ்ளோ தவுடு வெச்சிருக்க?"

"ஒரு படி."

"கம்மியா இருக்கே. கொழந்தைய மட்டுமா குடுக்கறேன், பேரோட சேத்துல்ல குடுக்கறேன். இன்னும் போடு."

அம்மா உள்ளே போய் இன்னொரு படி தவிட்டோடு வந்தார். குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தையான நான். சொன்னேன். "எனக்கே கேக்கல, அதுக்கு எப்பிடிடீ கேக்கும்?" என்றார் அக்கா. மறுபடி சொன்னேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

ஆனாலும் அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "பாப்பா" என்பார், "ஏ குட்டி" என்பார். எழிலி குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், பல் முளைத்தது. அம்மா வாயில் மட்டும் பெயர் வரவில்லை. குழந்தையைச் சாவு வீடு இருக்கும் தெருப் பக்கம்கூடத் தூக்கிப் போக மாட்டார்.

அக்காவை எடுத்த அன்று, பறைச் சத்தத்துக்கு நடுவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். இடுப்பில் குழந்தை இருந்தது. அம்மா அக்காவின் காலடியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "எழிலி, இவதாண்டி உன் மொத அம்மா. நல்லாப் பாத்துக்கோ" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லியே அவளோடு பேசிக்கொண்டு வந்தார்.

குப்பம்மா அக்கா யாருடைய பயத்தையும் பார்த்துச் சிரித்ததில்லை. அந்தப் பயத்தோடு கூடவே நடந்துபோய், அங்கிருந்து ஒரு நல்ல பெயரை எடுத்துவந்து கொடுத்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.