எல்லாரும் முதல்ல தனியன்

நேற்றுச் சாயங்காலம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மகளைச் சேர்க்கலாம் என்று பார்த்து வைத்திருக்கும் பாட்டு வகுப்பிலிருந்து. ‘குழு வகுப்பா, தனி வகுப்பா? நாளைக்குள் தெரிவிக்கவும்.’ கீழே இரண்டு வட்டங்கள். ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும். மகளுக்கு ஆறு வயது. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வகுப்பு. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்பீர்கள். என் கணவர் கேட்டேவிட்டார்.

“ஒரு பட்டனை அமுக்க இவ்வளவு நேரமா? ராக்கெட்டா விடப் போற?”

அவருக்குச் சிரிப்பு. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

செய்தியோடு கூடவே, குழந்தை கேட்டுப் பழகட்டும் என்று ஸ்ருதியையும் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். ஒரே சீராக, மூச்சு வாங்காமல் ஒலித்தது. எங்கள் காலத்து ஸ்ருதிப் பெட்டி நன்றாக மூச்சு வாங்கும். மரப்பெட்டி, பக்கத்தில் இருக்கும் துருத்தியை ஒரு கை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்ட ஆட்ட, பூட்டிக்கிடந்த பீரோவைத் திறந்ததுபோல ஒரு பழைய வாசனை வரும். அந்த வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தோம். அம்மா பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவில் நின்று பாடுவாள். அவள் பாடுவதைக் கேட்பதற்காகவே முன்வரிசையில் இடம் பிடிக்கிறவர்கள் உண்டு. அவள் பெற்ற பெண்ணுக்குப் பாட்டு வராமல் எங்கே போகும் என்பது எங்கள் தெருவின் ஏகமனதான தீர்ப்பு. என்னை யாரும் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அம்மாவோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு. அவருடைய தங்கை வைதேகி அக்கா, காலேஜ் முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காகக் காத்திருந்த நேரம். சும்மா இருப்பானேன் என்று சித்திரை வீதியில் இருந்த அவர்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். மொத்தம் பதினான்கு பிள்ளைகள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அம்மா என்னைக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை கடைவீதியில் சாமான் வாங்குவாள்.

முதல் நாளே என் கதை முடிந்துவிட்டது. எல்லாரோடும் சேர்ந்து வாயைத் திறந்தேன். ஸ, ரி என்று இரண்டு படி ஏறியிருப்பேன், பக்கத்தில் இருந்த ரெட்டைப்பின்னல் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, இவ வேற எங்கயோ பாடறா!”

கூடமே சிரித்தது. வைதேகி அக்கா சிரிக்கவில்லை, “உங்க பாட்டைப் பாருங்கோடி” என்று அதட்டினாள். ஆனால் எனக்குப் போதும். அன்றைக்கு மூடிய குரலை அப்புறம் நான் அங்கே திறக்கவேயில்லை. வாயை மட்டும் அசைத்தேன். இதிலும் ஒரு தேர்ச்சி இருக்கிறது, கேளுங்கள். மற்றவர்கள் மூச்சு எடுக்கும்போது நானும் தோளைத் தூக்கி மூச்சு எடுப்பேன். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது புருவத்தை உயர்த்துவேன். தாளம் மட்டும் தொடை சிவக்கப் போடுவேன். எட்டு மாதம் கும்பலோடு கோவிந்தா. பாலக்கரை மாதா கோயில் தெருப் பெண் ஸ்ரீரங்கத்திலேயே போய்ப் போட்ட கோவிந்தா, அதுவும் சத்தமில்லாமல்.

பயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதுமே கேள்விகள் தொடங்கிவிடும். இன்றைக்கு யாரையாவது தனியாகப் பாடச் சொன்னால்? அம்மாவுக்குத் தெரிந்தால்? அடி விழுமே என்ற பயம் இல்லை. அம்மா அடிக்கிறவள் அல்ல. அவள் முகம் சுருங்கிப் போவதை நான் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம்.

கார்த்திகை கடைசியில் ஒரு வகுப்பு முடியும்போது வைதேகி அக்கா சொன்னாள்.

“மார்கழி வரதோன்னோ, அடுத்த வாரம் பாசுரம் ஆரம்பிக்கலாம். எல்லாரும் முதல்ல தனியன். தனியன் இல்லாம பாசுரம் கிடையாது, தெரியறதா?”

தனியன். எல்லாரும். தனித்தனியாக! நம்பாமல் ரெட்டைப்பின்னலிடமே கேட்டேன்.

“எல்லாருமேவா?”

“பின்னே? நீயுந்தான் சொல்லணும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு வாரத்தை எப்படிச் சொல்வது? சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வரட்டும் என்று தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றேன். தும்மல்கூட வரவில்லை. மாதாவிடம் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன், பஸ் ஓடாமல் இருக்க. அந்தச் சனிக்கிழமை பஸ் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தது.

வாசலில் என்னை விட்டுவிட்டு அம்மாவின் புடவை தெருமுனையில் மறைந்ததும் நான் உள்ளே போகவில்லை. எதிர்த் திசையில் நடந்தேன், அப்புறம் ஓடினேன். தப்பி ஓடுவதற்கு ஸ்ரீரங்கத்தைப் போல மோசமான ஊர் கிடையாது. கோயிலைச் சுற்றிச் சுற்றிச் சதுரமாகத் தெரு. பெரியவர்கள் யாரிடமும் வழி கேட்கக் கூடாது, கேட்டால் யார் வீட்டுப் பெண் என்று விசாரிப்பார்கள் என்று நினைத்து, முனை வந்தால் வலது பக்கம் திரும்புவது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். துளசி மாலைக் கடை, காபிப்பொடி அரைக்கிற கடை, மறுபடி ஒரு முனை. எத்தனை முறை திரும்பினேனோ, கால் வலித்து அழுகை முட்டி நிமிர்ந்து பார்த்தால் எதிரே வைதேகி அக்கா வீடு.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. யாரும் தனியாகப் பாடவில்லை. எல்லாரும் சேர்ந்து, ஒரே குரலாக, எனக்குத் தெரியாத எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் புரியாமல் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அங்கேதான் வைதேகி அக்கா என்னைப் பிடித்தாள். கையில் பையோடு அம்மாவும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள். தனியாப் பாட மாட்டேன் என்று நான் அழுதுவிட்டேன்.

“தனியாப் பாடணும்னு பயந்துண்டா ஓடினே? அசடே! தனியன்னா பாசுரத்துக்கு முன்னாடி ஆசார்யாளை நெனைச்சுண்டு எல்லாருமாச் சேந்து சொல்றது.”

அதோடு விட்டிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவள் என் மோவாயைத் தொட்டு, ரொம்ப மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள்.

“இன்னிக்கு நீ இல்லாமப் பாடினோம். சத்தம் துளிக்கூடக் கொறையலையேடி கொழந்தே. இத்தனை மாசமா நீ பாடவே இல்லையோ?”

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. எந்த முகத்துக்குப் பயந்து எட்டு மாதம் வாயசைத்தேனோ அந்த முகம் என் பக்கத்தில் இருந்தது, நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, பாலம் வரைக்கும் அம்மா பையிலிருந்த சாமான்களை எடுத்து எடுத்து அடுக்கினாள். அப்புறம் கேட்டாள்.

“கூட்டத்துல கூச்சமா இருக்கோ என்னமோ. அக்காகிட்ட தனி கிளாஸ் கேட்கட்டுமா? நீயும் அவங்களும் மட்டும். பாடுவியா கண்ணு?”

அவள் ஆறுதலாகத்தான் கேட்டாள். எனக்கோ ஒளிய ஒரு ஆள்கூட இல்லாத அந்தக் கூடம் கண்முன் வந்தது.

“வேணாம்மா! நீ பாடற மாதிரி எனக்கு வராது. நீ பாடறதைக் கேட்டாலே எனக்குப் பயமா இருக்கு. என்னை விட்டுடும்மா.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மா “சரி, சரி, அழாதே” என்றாள். அதோடு என் சங்கீதம் முடிந்தது. குழுவும் இல்லை, தனியும் இல்லை.

இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டு வட்டங்களில் நான் எதைத் தொடுவேன்? என் மகள் குளியலறையில் தொண்டை கிழியப் பாடுகிறாள். எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ முடிக்கிறாள், அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. குழுவில் போட்டால் யாராவது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். தனியாகப் போட்டால் பயத்தில் உறைந்துபோவாள். இந்த இரண்டும் அவள் பயமல்ல, என்னுடையது என்று தெரிகிறது. தெரிந்தால் மட்டும் போய்விடுமா? கடைசியில் அவளையே கேட்டேன்.

“நெறைய பேரு இருப்பாங்களா? அப்ப அதான்” என்றாள், பொம்மையிலிருந்து தலையைத் தூக்காமல்.

குழுவைத் தொட்டேன். தொட்ட கையோடு பாட்டு வகுப்பு டீச்சரைப் போனில் கூப்பிட்டேன்.

“டீச்சர், வாரத்துல ஒரு தடவை அவ குரலை மட்டும் கேட்டுடுங்க. எல்லார் முன்னாடியும் வேண்டாம். ஆனா கண்டிப்பா கேட்டுடுங்க.”

“ஏங்க, ரொம்பக் கூச்சப்படுவாளா?”

“அவ இல்லங்க. நான்தான்.”

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, சரிங்க என்று வைத்துவிட்டாள்.

சித்திரை வீதியில் அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். வைதேகி அக்கா கல்யாணமாகி எந்த ஊருக்கோ போனாள். இதெல்லாம் போகிற வரிசையில் போனவை, எனக்கு வருத்தமில்லை.

அப்போதெல்லாம் அம்மா காலையில் தோசை வார்க்கும்போது வாய்விட்டுப் பாடுவாள். பஸ்ஸில் நான் அப்படிச் சொன்ன மறுநாளிலிருந்து வீட்டில் அவள் பாடவில்லை. கோயிலில் பாடுவாள், வீட்டுக்கு வந்தால் ரேடியோவைப் போடுவாள். பிள்ளை பயப்படுகிறதே என்று நிறுத்தியிருக்கிறாள். அதை நான் கண்டுபிடிக்க இருபது வருடம் ஆயிற்று. கண்டுபிடித்தபோது, ‘பாடும்மா’ என்று நான் போய்ச் சொல்ல அவள் உயிரோடு இல்லை. இன்று காலை அடுப்படியில் நின்றுகொண்டு அந்தக் குரலை நினைத்துப் பார்த்தேன். கல்லில் மாவு விழுகிற சத்தம் கேட்கிறது, அவள் பாடிய வரிகள்கூட ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கின்றன. குரல் மட்டும் வரவில்லை.